ராட்செட் கைப்பிடி: முழு இரும்பா, ரப்பர் கிரிப்பா, கண்ணாடிப் பிடியா?

நெல்லை_ஷெட்
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருசம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வேலை பாத்துட்டு, போன மாசம் வண்ணார்பேட்டை பக்கம் சொந்தமா ஒரு ஷெட் போட்டுருக்கேன். பைக், ஆட்டோ, அப்பப்ப கார். அங்க டூல்ஸ் எல்லாம் அவங்களோடது, எது கைக்கு வந்துச்சோ அதை வச்சு வேலை பாத்தாச்சு. இங்க ஒவ்வொண்ணா என் காசுல வாங்கணும்.

நட்டு கழட்டி மாட்டுற ராட்செட், சாக்கெட் மாட்டுற முனை கால் இஞ்ச், மூணு நூல் (3/8 இஞ்ச்), அரை இஞ்ச்னு மூணுலயும் ஒவ்வொண்ணு வேணும். கடைக்காரர் எடுத்துப் போட்டது: முழு குரோம் பிடி; சிவப்பு-கறுப்பு ரப்பர் கிரிப் போட்டது; கால் இஞ்ச்ல மட்டும் மஞ்சக் கண்ணாடி மாதிரி பிடி உள்ள, திருப்புளி மாதிரி திருகுற ஸ்பின்னர். ரப்பர் கிரிப் கொஞ்சம் விலை கூட. கையில பிடிச்சுப் பாத்தா அதான் சொகமா இருக்கு. எனக்கு உள்ளங்கை ரொம்ப வேர்க்கும், அதையும் சொல்லிடுறேன். எதை எடுக்கலாம்?

லாரிப்பட்டறை_நாமக்கல்
தம்பி, கடையில பிடிச்சுப் பாக்குறப்ப எல்லாக் கிரிப்பும் சொகமாத்தானுங்க இருக்கும். கடையில டீசல் இல்லைல்ல.

நம்ம பட்டறையில ஆறு வருசத்துக்கு முன்னாடி ஆசைப்பட்டு நாலு ரப்பர் கிரிப் ராட்செட் வாங்கினேன். எங்க பசங்க சாயங்காலமானா எல்லா டூலையும் டீசல் தட்டுல போட்டுக் கழுவித்தான் அடுக்குவாங்க. ஒரு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கிரிப்பு ஊற ஆரம்பிச்சுது. பழைய சோறு மாதிரி பொதபொதன்னு. கடைசில பிடிச்சுத் திருகினா ரப்பர் சுத்துது, கம்பி அப்படியே நிக்குது. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவுல கிரீஸ் போயி உக்காந்துக்குச்சு. பிளேடு வச்சு அறுத்து எடுத்துட்டோம். உள்ள இருந்த கம்பி விரல் தடிமன்கூட இல்லீங்க, அதுல பிடிச்சு வேலையே செய்ய முடியாது.

முழு இரும்பு வாங்குங்க. ஒரு வேஸ்ட் துணி எடுத்து ஒரு இழுப்பு இழுத்தா புதுசு.

டூவீலர்_சென்னை
நாமக்கல் அண்ணே சொல்றது லாரிக்கு சரி. பைக் வேலை வேற.

லாரியில ரெண்டு கையும் வச்சு, உடம்பு எடையைப் போட்டுத் திருகுவீங்க. பைக்ல டேங்குக்கு அடியில ஒத்தக் கை நுழையுற சந்துல, மூணு விரல்ல பிடிச்சுத் திருகணும். பாலிஷ் போட்ட குரோம் பிடி, மேல ஒரு சொட்டு இன்ஜின் ஆயில், அவ்வளவுதான். கை வழுக்கி என் விரல்முட்டி நேரா இன்ஜினோட ஃபின்ஸ் தகட்டுல போய் அடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. எனக்கு ரப்பர் கிரிப் இல்லாம முடியாது. நாலு வருசமா ஒண்ணே ஒண்ணு, இன்னும் உழைக்குது. நான் டீசல்ல போடுறதே இல்ல, சோப்புத்தூள் தண்ணி, துணி, முடிஞ்சது.

லாரிப்பட்டறை_நாமக்கல்
வழுக்குதுன்னா துடைங்க தம்பி. வழுக்குதுன்னு ரோட்டுக்கு ரப்பர் போடுவாங்களா.

டூவீலர்_சென்னை
வண்டிக்கு ரப்பர் டயர்தானே போடுறோம் அண்ணே 😀

பாலிமர்_வாத்தி
பாலிடெக்னிக்கில் பிளாஸ்டிக் பாடம் எடுப்பவன். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் ‘ரப்பர் கிரிப்’ என்று நாம் ஒரே பேரில் கூப்பிடுவது குறைந்தது மூன்று வேறு பொருள்கள். அதைப் பிரிக்காமல் பேசினால் சண்டை தீராது.

முதலாவது, பிளேயர் கைப்பிடியில் இருக்கும் முக்கியெடுத்த பிவிசி. இதை மெத்தென்று ஆக்குவதே உள்ளே கலந்த ஒரு எண்ணெய் போன்ற பொருள்தான். நாளாக ஆக அது வெளியே கசியும், அல்லது பெட்ரோல், டீசலோடு கரைந்து போகும். பிறகு பிடி விறைத்து வெடிக்கும். சில நேரம் அதற்கு முன்பே பிசுபிசுக்கும்.

இரண்டாவது, இன்றைய ராட்செட்களில் அதிகம் காண்பது. உள்ளே பாலிபுரொப்பிலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக், மேலே டிபிஇ என்ற, ரப்பர் போல மென்மையான பிளாஸ்டிக். இரண்டு நிறம் தெரிவது இதனால்தான். பாலிபுரொப்பிலீன் எண்ணெய்க்குப் பெரிதாக அசையாது. தொந்தரவு கொடுப்பது மேலே இருக்கும் டிபிஇ. டிபிஇ என்பதும் ஒரு குடும்பப் பெயர். மலிவான வகையில் எண்ணெய் உள்ளே புகுந்து ஊதிவிடும். எண்ணெய் தாங்கும் வகைகளும் உண்டு, விலை அங்கேதான் ஏறுகிறது.

மூன்றாவது நைட்ரைல். நிஜமான எண்ணெய் தாங்கும் ரப்பர். ஆயில் சீல் செய்வது இதில்தான். ராட்செட் கைப்பிடியில் அரிது.

நாமக்கல் நண்பரின் கிரிப் ‘ஊறியது’ என்று சொன்னாரே, அந்தச் சொல் ரொம்பச் சரி. டீசலும் அந்த ரப்பரும் ஒரே இனம், இரண்டும் ஹைட்ரோகார்பன். சோற்றில் தண்ணீர் ஏறுவது போல ரப்பருக்குள் டீசல் ஏறுகிறது. சென்னைக்காரரின் கிரிப் பிழைத்தது நல்ல கம்பெனி என்பதால் மட்டும் இல்லை, சோப்புத் தண்ணீரில் கழுவியதால். இன்ஜின் ஆயில் பட்டு உடனே துடைக்கப்படுவது வேறு, டீசல் தட்டில் ஊறுவது வேறு.

எனவே நெல்லைத் தம்பிக்கு என் முதல் கேள்வி: உங்கள் ஷெட்டில் டூலை எதில் கழுவப் போகிறீர்கள்? கழுவுவது யார்?

நெல்லை_ஷெட்
சார், இப்போதைக்கு நானும் ஒரு பையனும்தான். கார்புரேட்டர், செயின் எல்லாம் பெட்ரோல்லயும் மண்ணெண்ணெய்லயும் கழுவுறோம். அதே தட்டுலதான் ஸ்பேனரும் விழும். மாத்தணுமோ?

பாலிமர்_வாத்தி
பெட்ரோலில் கழுவுவதை டூலுக்காக இல்லை, தீக்காக நிறுத்துங்கள். அது தனிக் கதை.

யாழ்_கராஜ்
எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன். 90களிலை இங்க பெற்றோல் தடை. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டுவம். அந்தக் காலத்திலை அப்பா பாவிச்ச அரை இஞ்சி ராட்செட் இப்பவும் என்னட்டை இருக்கு. முழு இரும்பு, பிடியிலை டயமண்ட் கொத்து. எவ்வளவு மண்ணெண்ணெய் குடிச்சிருக்கும் எண்டு யோசியுங்கோ. தலைக்குள்ளை இருக்கிற பல்லு மட்டும் ரெண்டு தரம் மாத்தினது.

ஆனா கொத்து வைச்ச பிடியிலை ஒரு வில்லங்கம் இருக்கு. வழுக்காது, உண்மை. அந்தக் குழிக்குள்ளை கிறீசும் மண்ணும் போய் இறுகிப்போச்சுதெண்டால் பிரஷ் போட்டுத் தேய்க்கோணும். நாள் முழுக்க வேலை செய்தால் உள்ளங்கைத் தோலையும் எடுத்துப்போடும். 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தி ஓடினதாலை எங்களுக்கு வேலை கூட. அப்பதான் எனக்கு அது விளங்கினது.

மற்றது கடல் காத்து. மலிஞ்ச குரோம் இங்க தாங்காது. கொப்பளிச்சு உரியும். உரிஞ்ச குரோம் விளிம்பு சவர அலகு மாதிரி, வெட்டினால் இரத்தம் வந்த பிறகுதான் தெரியும். முழு இரும்பு வாங்குறதெண்டால் முலாம் நல்லதா எண்டு பாத்து வாங்கோணும். தலைக்கும் பிடிக்கும் நடுவிலை இருக்கிற வளைவை விரலாலை தடவிப் பாருங்கோ, சின்னப் பொட்டு, கொப்பளம் இருந்தால் வைச்சிட்டு வாங்கோ.

புல்லட்_அக்கா
நான் மெக்கானிக் இல்லை, என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறவள். இங்கே யாரும் தடிமனைப் பற்றிப் பேசவில்லை, அதனால் வருகிறேன்.

எனக்குச் சின்னக் கை. ரப்பர் கிரிப் போட்ட அரை இஞ்ச் ராட்செட்டைப் பிடித்தால் விரல் சுற்றி வந்து சேரவே சேராது. பிடிப்பு குறைந்து, அதிகமாக அழுத்தி, மணிக்கட்டு வலி. இரும்புப் பிடி ஒல்லியாக இருப்பதால் எனக்கு அதுதான் வசதி. கடையில் கேட்டால் ‘லேடீஸுக்கு சாஃப்ட் கிரிப்தான் மேடம் நல்லது’ என்கிறார்கள். மெத்தென்று இருப்பதும் கைக்குப் பொருந்துவதும் ஒன்றா?

பாலிமர்_வாத்தி
சரியான இடத்தில் தொட்டீர்கள் அம்மா. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2004இல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டியில், பலம் கொடுத்துப் பிடிக்கும் கருவிக்குப் பிடியின் விட்டம் ஒன்றேகால் இஞ்சிலிருந்து 2 இஞ்ச் வரை, அதாவது சுமார் 32 முதல் 51 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீளம் 4 இஞ்சுக்குக் குறையக் கூடாது, 5–6 இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். ஆனால் ஒரே அளவு எல்லாக் கைக்கும் வராது. சின்னக் கைக்கு அந்த வரிசையின் கீழ்ப்பக்கம்தான் சரி.

இன்னொன்று. ராட்செட்டில் பிடியைச் சுற்றிக் கசக்குவதில்லை, இழுக்கிறோம். திருப்புளியில் பிடியையே திருகுகிறோம். திருப்புளிக்குத் தடிமன் கூடினால் பலம் கூடும். ராட்செட்டுக்குப் பலம் கொடுப்பது நீளம். அதனால் மெத்தைப் பிடியின் பயன் ராட்செட்டைவிடத் திருப்புளியில்தான் அதிகம்.

ஷார்ஜா_தஞ்சாவூரான்
இங்க ஜூலை, ஆகஸ்ட்ல முழு இரும்பு ராட்செட்டை வெயில்ல வச்சுட்டுத் தொட்டுப் பாருங்க. தோசைக்கல்லுதான். ரோட்டுல நின்னுபோன வண்டியை மீக்குற ரெக்கவரி வேலையில நான் ரோட்டோரத்துல வீல் கழட்டுறவன். மொதல் வருசமே உள்ளங்கை வெந்து கத்துக்கிட்டேன். அதுக்காக ரப்பர் கிரிப்புக்கு மாறுனேன்னு நெனைக்காதீங்க. கையுறை போட ஆரம்பிச்சேன். நைட்ரைல் பூச்சு உள்ள துணிக் கையுறை. வழுக்கலுக்கும் அதே, சூட்டுக்கும் அதே. கிழிஞ்சா வேற மாத்திக்கலாம், ராட்செட்டை மாத்த வேண்டாம்.

டூவீலர்_சென்னை
கையுறை போட்டா ஆறு மில்லி நட்டு கையில தெரியாது அண்ணே. எல்லா வேலைக்கும் ஒத்து வராது. ஆனா யோசனை நல்லா இருக்கு, வீல் வேலைக்குப் போட்டுப் பாக்குறேன்.

வீட்டு_மெக்கானிக்
ஒரு சந்தேகம். ரப்பர் கிரிப் இருந்தா பேட்டரி கழட்டும்போது ஷாக் அடிக்காதுல்ல? அதுக்காகவே ரப்பர் எடுக்கலாம்னு தோணுது.

ஹைவோல்ட்_கோவை
தயவு செஞ்சு இந்த நெனப்பை இப்பவே விட்டுருங்க. இவி, அதாவது பேட்டரி கரண்ட்ல ஓடுற வண்டி வேலை பாக்குறவன் சொல்றேன்.

சாதா ரப்பர் கிரிப்பு கைக்குத்தான். கரண்டுக்கு இல்லை. அதுல காத்துக் குமிழ் இருக்கும், கீறல் இருக்கும், உள்ள ஆயில் இருக்கும், யாரும் அதைச் சோதிச்சதில்லை. மின்காப்பு டூல்னா ஐஇசி 60900 அப்படின்ற தரத்துக்குச் சோதிச்சிருக்கணும். ரெண்டு முக்கோணக் குறியும் 1000 வோல்ட்னும் டூல் மேலயே போட்டிருக்கும். ஏசியில 1000, டிசியில 1500 வோல்ட் வரைக்கும். கார் இவியில பேட்டரி 300, 400 வோல்ட்ல நிக்குது, அங்க உங்க சிவப்பு-கறுப்புக் கிரிப்பை நம்பிக் கை வச்சா திரும்பி வர மாட்டீங்க. நல்ல மின்காப்புப் பிடியில பல கம்பெனிக்காரங்க உள்ளுக்குள்ள வேற நிறம் வச்சிருப்பாங்க. மேல் தோல் தேஞ்சு உள்நிறம் எட்டிப் பாத்தா தூக்கிப் போட்டுறணும். அந்த டூலை இரும்பு டூலோட ஒரே டிரேயில போட்டுக் குலுக்கவும் கூடாது.

உங்க 12 வோல்ட் பேட்டரிக்கு வர்றேன். அது ஷாக் அடிக்காது. ஆபத்து வேற. பாசிட்டிவ் டெர்மினலைக் கழட்டுறப்ப ராட்செட் தலை பாடியில பட்டா ஷார்ட். வெல்டிங் மாதிரி பொறி பறக்கும், கையில மோதிரம் இருந்தா மோதிரமே பழுக்கும். கிரிப்பு பிடியில மட்டும்தான் இருக்கு, தலை முழுக்க இரும்பு. ரப்பர் என்ன செய்யும்? நெகட்டிவை மொதல்ல கழட்டுங்க, மாட்டுறப்ப கடைசியா மாட்டுங்க.

வீட்டு_மெக்கானிக்
நன்றி அண்ணா. இத்தனை நாள் பாசிட்டிவ்தான் மொதல்ல கழட்டிட்டு இருந்தேன். மோதிரமும் போட்டுட்டு.

நெல்லை_ஷெட்
இந்தக் கண்ணாடிப் பிடி பத்தி யாரும் சொல்லலியே? எங்க தாத்தா பெட்டியில அந்த மாதிரி திருப்புளி நாலு கெடக்கு. பெட்டியத் தொறந்தா வாந்தி நாத்தம் குடலைப் புரட்டுது. பிடி மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி வேற. எலி எதுவும் செத்துக் கெடக்கோன்னு பெட்டியவே கவுத்துப் பாத்துட்டேன்.

பாலிமர்_வாத்தி
எலி இல்லை, பியூட்டிரிக் அமிலம்! கெட்டுப்போன வெண்ணெயில் வருவதும் இதேதான்.

கண்ணாடி போலத் தெரியும் அந்தப் பிடி செல்லுலோஸ் அசிட்டேட், அல்லது செல்லுலோஸ் அசிட்டேட் பியூட்டிரேட். மரக்கூழ், பஞ்சிலிருந்து வருகிற பழைய காலத்து பிளாஸ்டிக். கெட்டி, சுத்தியால் தட்டினாலும் சட்டென்று உடையாது, கைக்கும் ஒரு இதமான வழவழப்பு. இன்ஜின் ஆயிலுக்கு மசியாது. வயதாகும்போது, அதுவும் காற்றோட்டம் இல்லாத பெட்டியில் சூடும் ஈரமும் சேர்ந்தால், அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வெளியே வரும். அந்த வாடைதான் உங்கள் தாத்தா பெட்டியில். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, திறந்த பலகையில் மாட்டி வையுங்கள். வாடை குறையும், முழுதும் போகாது. சுவிட்சர்லாந்தின் பிபி ஸ்விஸ் கம்பெனி தன் பழைய பாணித் திருப்புளிப் பிடியை இதே பொருளில்தான் செய்கிறது. வாடைக்கு மாற்றாக வெனிலா வாசனை சேர்த்துவிடுகிறார்கள். முகர்ந்து பார்த்தால் ஐஸ்கிரீம் கடை.

இதற்கு எதிரி அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர், சில பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, தின்னர் பட்டால் மேற்பரப்பு கரைந்து கைரேகை பதிந்துவிடும். பெயின்ட் வேலை பக்கத்தில் வேண்டாம்.

டூவீலர்_சென்னை
ஐயோ, என் பழைய ஸ்க்ரூ டிரைவர்ல என் கட்டைவிரல் ரேகை பதிஞ்சிருக்கிறது இதனாலதானா! பல வருசமா பலம் கொடுத்துத் திருகினதுல பதிஞ்சதுன்னு பசங்ககிட்ட கதை விட்டுட்டு இருந்தேன்.

லாரிப்பட்டறை_நாமக்கல்
சரி, பைப்புக் கதைக்கு வாங்க. யாரும் பேசாம இருக்கீங்க, ஆனா எல்லாரும் செய்யிறதுதானுங்களே. நட்டு இறுகிக்கிச்சுன்னா ராட்செட்ல பைப்பை மாட்டி இழுப்போம். ரப்பர் கிரிப்புல பைப்பு ஏறாது, ஏத்தினா கிரிப்பு கிழியும். முழு இரும்புலதான் பைப்பு போகும். அதுவும் ஒரு காரணம்.

பாலிமர்_வாத்தி
அண்ணே, அதை நான் ரப்பர் கிரிப்புக்குச் சாதகமாக எழுதிக்கொள்வேன்!

கணக்கு எளிது. கார் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வைப்போம். அரை இஞ்ச் ராட்செட்டின் பிடி கால் மீட்டர். 400 நியூட்டன், அதாவது நாற்பது கிலோ இழுக்க வேண்டும். இதுவே கையின் எல்லை. ஒரு மீட்டர் பைப்பை மாட்டி அறுபது கிலோ ஆள் தொங்கினால் 600 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கு முழுவதும் தலைக்குள்ளே இருக்கும் நாலைந்து சின்னப் பல்லின் மேல் விழுகிறது. பல் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பல்லும் சின்னது. அடுத்த பல்லைப் பிடிக்க, 36 பல்லுக்குப் பிடியை 10 டிகிரி ஆட்ட வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். சந்துக்குள் வேலைக்கு 72 சொர்க்கம். பைப்புக்கு நரகம்.

இறுகிய நட்டை இளக்க பிரேக்கர் பார் என்ற நீளக் கம்பி இருக்கிறது. அதில் பல்லே கிடையாது, அதனால் பல் போகும் பயம் இல்லை. இளக்கிவிட்டு ராட்செட்டை எடுங்கள்.

லாரிப்பட்டறை_நாமக்கல்
வாத்தியாரே, நாங்க அந்த எளக்குற கம்பியும் வச்சிருக்கோம். ஆனா பையன் எந்திரிச்சுப் போயி அதை எடுத்துட்டு வர்றதுக்குள்ள பைப்பு காலடியில கெடக்குதுங்க. நீங்க சொல்ற மாதிரி பாத்தா, பசங்க கைக்கு ரப்பர் கிரிப்பைக் குடுத்துட்டு நான் மட்டும் இரும்பு வச்சுக்கோணும் போல. போன வருசம் மட்டும் மூணு ராட்செட்ல பல்லு போயிருச்சு. ஒண்ணாச்சும் மிஞ்சியிருக்கும்.

யாழ்_கராஜ்
இரும்புப் பிடிக்கு மேலை பழைய சைக்கிள் ரியூப் சுத்தினால் என்ன எண்டு தம்பி கேக்க முந்திச் சொல்லுறன். நாங்களும் சுத்தினனாங்கள். ரெண்டு மாசத்திலை எண்ணெயிலை ஊதி வழுகும். வயர் வேலைக்குப் பாவிக்கிற ஹீற் ஷ்ரிங் குழாய் பரவாயில்லை. உள்ளுக்குப் பசை இருக்கிற வகை. சூடு காட்டினால் இறுகிப் பிடிச்சிடும், பழுதானால் அறுத்துப்போட்டு வேறை போடலாம். எண்ணெய்க்கும் இலகுவிலை ஊதாது. தடிப்பும் அவ்வளவாக் கூடாது, அந்த அக்காவின்ரை கைக்கும் சரிவரும்.

புல்லட்_அக்கா
இதை நாளைக்கே செய்து பார்க்கிறேன். சிவப்பு நிறம் கிடைக்குமா என்பதுதான் அடுத்த ஆராய்ச்சி.

நெல்லை_ஷெட்
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாத்தையும் வாசிச்சுட்டு இப்படி வாங்குனேன்.

அரை இஞ்ச் முழு இரும்பு, 36 பல்லு, கூடவே பிரேக்கர் பார். மூணு நூல் ரப்பர் கிரிப், ஏன்னா பைக்ல பத்து, பன்னெண்டு நம்பருக்கு நாள் முழுக்கக் கையில இருக்குறது அதான், அதுக்குப் பெருசா பலமும் வேண்டாம். கால் இஞ்ச்ல ஒல்லியான இரும்புதான். ஸ்பின்னர் வேண்டாம்னு விட்டுட்டேன், நாத்தத்துக்குப் பயந்துன்னு வச்சுக்கோங்க. தாத்தா திருப்புளியைக் கழுவி ஆணியில மாட்டிட்டேன். வாடை பாதி போயிருச்சு.

பெட்ரோல் தட்டைத் தூக்கியாச்சு. மண்ணெண்ணெய் தட்டு பார்ட்ஸுக்கு மட்டும். டூலுக்குத் தனியா ஒரு பக்கெட்டு, சோப்புத்தூள் தண்ணி. தண்ணியில கழுவுறதால தலைக்குள்ள துருப் பிடிச்சிரும்னு பையன் பயந்தான். அதனால தலையை முக்க விடுறதில்ல, பிடியை மட்டும் கழுவிட்டு, வாரம் ஒரு சொட்டு லேசான ஆயில் பல்லுக்கு விடச் சொல்லிருக்கேன்.

ஒரே ஒரு பிரச்சினை. நேத்து மத்தியானம் டீ குடிச்சுட்டு வர்றேன், ஆட்டோ பின் வீல்ல பையன் தொங்கிட்டு இருக்கான். ரப்பர் கிரிப் ராட்செட்ல பைப்பு ஏறலைன்னு, முழு இரும்புல ஏத்திட்டான்.

லாரிப்பட்டறை_நாமக்கல்
பல்லு?

நெல்லை_ஷெட்
தப்பிச்சுது அண்ணாச்சி. பைப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன்.